தளம் வளையும் இடம்

ஏப்ரல் 15-ஆம் தேதி மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிவிட்டால் தூத்துக்குடியில் எங்களுக்கு நிற்க நேரமிருக்காது. ஜூன் 14 வரைக்கும் 61 நாள். 2017-க்கு முன்னால் 45 நாள்தான். மீன் இனம் பெருகட்டும் என்று கடலுக்கு ஓய்வு கொடுத்த அந்த நாட்களில்தான் படகுகளுக்கு வைத்தியம் நடக்கும். எஞ்சின் ஒரு பக்கம் இறங்கும், வலை ஒரு பக்கம் விரியும், அடியில் ஒட்டிய சிப்பியைச் சுரண்டுவார்கள், வெல்டிங் பொறி பறக்கும். இத்தனைக்கும் நடுவே, பழைய மரப்படகின் தளத்தைப் பிரித்துவிட்டு பிளைவுட்டில் புதுத் தளம் போடுவது என் வேலை.

எங்களிடம் வரும் மரப்படகுகள் பெரும்பாலும் 45 அடி நீளம், அகலமான இடத்தில் 14 அடி இருக்கும். கட்டிய காலத்தில் தளம் பலகையால் போட்டது. பலகைக்கும் பலகைக்கும் நடுவில் பஞ்சு அடைத்துத் தார் ஊற்றியிருப்பார்கள். வெயிலில் பலகை சுருங்கும், மழையில் உப்பும், அடைத்த பஞ்சு மெல்ல மெல்ல வெளியே தள்ளும். பிறகு ஒழுகும். ஒழுகினால் என்ன, கடலில் ஓடும் படகுதானே என்று கேட்பவர்கள் உண்டு. கடல் தண்ணீர் மரத்தை அவ்வளவு சீக்கிரம் மக்க வைக்காது. உப்பு ஊறிய மரத்தில் பூஞ்சைக்குப் பிழைப்பு இல்லை. நீருக்கடியில் கப்பல் புழு குடையும், அது வேறு கதை. தளத்தைக் கொல்வது நல்ல தண்ணீர்தான். மரத்தின் ஈரம் 20 சதவீதத்தைத் தாண்டி, அப்படியே நின்றுவிட்டால் பூஞ்சை வேலையைத் தொடங்கிவிடும். ஐப்பசி கார்த்திகை மழை ஒன்று. வருடம் முழுக்க உருகும் ஐஸ் இன்னொன்று. மீன் அறை மூடியைச் சுற்றியுள்ள சட்டத்தின் மூலைகளைத் திருப்புளியால் குத்திப் பார்த்தால் தெரியும். மேலே பெயின்ட் பளபளப்பாக இருக்கும், உள்ளே திருப்புளி கைப்பிடி வரைக்கும் இறங்கும். ஐஸ் தண்ணீர் தினமும் வழிந்து நின்ற இடம் அது.

அதனால்தான் இணைப்பு குறைவான பிளைவுட் தளம். பிளைவுட் நம் கடற்கரைக்குப் புதிதும் அல்ல. கன்னியாகுமரி மாவட்டத்து முட்டத்தில் 1980-களிலேயே பிளைவுட் படகு கட்டத் தொடங்கிவிட்டார்கள். பெல்ஜியத்திலிருந்து வந்த பியர் ஜில்லே அங்குள்ள மீனவர்களோடு சேர்ந்து அந்த வேலையைச் செய்து, அந்தப் பாடுகளை 1985-இல் புத்தகமாகவும் எழுதினார். பலகைகளின் ஓரத்தில் துளை போட்டு, செம்புக் கம்பியால் தைத்து, தைத்த இடத்தை ஃபைபரால் ஒட்டும் முறை அந்தக் கரையில் பலருக்கும் கைவந்தது. தட்டையாக வாங்கிய ஒரு ஷீட்டை, வெட்டும் கோட்டை மட்டும் சரியாகப் போட்டு, படகின் வயிறாக வளைத்துவிடலாம் என்று அவர்கள் காட்டினார்கள். தளத்துக்கும் அதே பாடம்தான். கோடு சரியாக இருந்தால் பலகை தானாகப் போய் உட்காரும். கோடு தவறிவிட்டால் எத்தனை திருகு போட்டாலும் முறைத்துக்கொண்டே நிற்கும்.

அந்தக் கோட்டை எப்படி எடுப்பது என்பதுதான் நான் சொல்ல வந்தது. என்னிடம் வேலைக்கு வரும் பையன்கள் பலரும் வீட்டு வேலை பார்த்தவர்கள். கதவு, அலமாரி, சமையலறை கப்போர்டு. நல்ல கைகள். ஆனால் வந்தவுடன் டேப்பை இழுத்து, நீளம் இவ்வளவு அகலம் இவ்வளவு என்று கட்டையில் எழுதிக்கொண்டு கீழே இறங்கிவிடுவார்கள். வீட்டில் அது போதும். அங்கே தரையும் மட்டம், சுவரும் தூக்குக்குண்டுக்கு நேர், மூலைமட்டம் வைத்தால் பொருந்தும். படகுத் தளத்தில் மூலைமட்டம் வைக்க இடமே கிடையாது. தண்ணீர் வடிவதற்காகக் குறுக்கே நடு உயர்ந்து இரு பக்கமும் சரியும். இதைக் கேம்பர் என்கிறோம். அலையில் மூக்கை நுழைக்காமல் இருக்க, நெடுக்கே அணியத்தை, அதாவது முன்முனையை, நோக்கி ஏறும். ஓரமோ பின்முனையான அமரத்திலிருந்து அணியம் வரை ஒரே வளைவாக ஓடி முகப்பு மரத்தில் போய்க் குவியும். இந்த மூன்றையும் ஒரு காகிதத்தில் எண்ணாக எழுதிக் கொண்டுவர முடியாது. எண் வரும், உருவம் வராது.

எவ்வளவு வித்தியாசம் வரும் என்று கணக்காகவே சொல்கிறேன். 14 அடி அகலத்துக்கு மூன்றரை அங்குலம் கேம்பர் என்றால், வளைவின் மேல் அளந்தாலும் கயிறு கட்டி நேராக அளந்தாலும் ஒன்றரை நூல்தான் (எட்டு நூல் ஓர் அங்குலம்) கூடும். அதை ஒரு சீவலில் சமாளித்துவிடலாம். நெடுக்கே அப்படியில்லை. நடுவிலிருந்து அணியம் வரை 20 அடி, அதில் 3 அடி ஏற்றம் என்று வையுங்கள். மட்டமாகக் கயிறு கட்டி அளந்தவனுக்குப் பலகை மூன்றரை அங்குலம் குறையும். அந்த மூன்றரை அங்குலம் குறைவது சரியாக முகப்பு மரத்தின் அடியில், தளத்தின் மிகக் குறுகிய, மிக நனையும் இடத்தில்.

இதைவிடப் பெரிய சிக்கல் வேறு. பிளைவுட் ஒரு திசையில்தான் வளையும். காகிதத்தை உருட்டிக் குழலாக்கலாம், கூம்பாக்கலாம். குடத்தின் வயிற்றில் சுருக்கமில்லாமல் ஒட்டிப் பாருங்கள், முடியாது. குறுக்கே கேம்பருக்கு வளைந்த ஷீட் நெடுக்கே ஏற மறுக்கும். நடுத் தளத்தில் ஏற்றம் கொஞ்சம்தான், இழுத்துப் பிடித்தால் படிந்துவிடும். அணியத்தில் இரண்டு வளைவும் சேரும் இடத்தில் ஒரு மூலை எழும்பி நிற்கும். அதை அமுக்கினால் எதிர் மூலை எழும்பும். பலத்தால் ஜெயிக்கும் இடமல்ல அது. ஷீட்டை எங்கே பிரித்தால் ஒவ்வொரு துண்டும் ஒரே வளைவோடு தீர்ந்துபோகும் என்று பார்த்து, அங்கே வெட்ட வேண்டும். நடுக்கோட்டில் ஒரு வெட்டு அநேகமாக எல்லாப் படகிலும் வேண்டியிருக்கும். அணியத்தில் துண்டின் அகலத்தையும் குறைத்துக்கொள்ள வேண்டும். 18 மில்லி ஒன்றைப் போடுவதற்குப் பதில் 9 மில்லியை இரண்டு அடுக்காக, மேலடுக்கின் இணைப்பு கீழடுக்கின் இணைப்புக்கு மேல் வராமல் போடுவது என் வழக்கம். மெல்லியது சொன்னபடி கேட்கும்; இரண்டும் ஒட்டிக் காய்ந்த பிறகு பழையபடி நிமிரவும் செய்யாது.

ஆனால் அளவு எடுப்பதற்கு முன்னால் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. அவசரத்தில் எல்லோரும் தாண்டிப்போவது அதைத்தான். கரையேறிய படகு தண்ணீரில் மிதந்தபோது இருந்த உருவத்தில் இருக்காது. தண்ணீர் உடம்பு முழுக்கத் தாங்கிப் பிடிக்கும். கரையில் நாம் கொடுத்த முட்டுகள் மட்டும்தான் தாங்கும். படகின் அடிமரமான ஏராவுக்குக் கீழே கட்டைகள் சமமாக இல்லையென்றால் அணியமும் அமரமும் தொங்கும், நடு முதுகு எழும்பும். அந்த நிலையில் அளந்து போட்ட தளம், படகு கடலில் இறங்கியதும் முறுக்கிக்கொள்ளும். அதனால் முதலில் முட்டு. பிறகு தளத்தைப் பிரிப்பதற்கு முன்பே இரு பக்கச் சுவர்களையும் குறுக்கே சட்டம் அடித்துப் பிணைத்துவிடுவேன். தளம்தான் படகின் இரண்டு விலாவையும் இழுத்துப் பிடித்திருக்கும் கட்டு. அதை முழுக்க எடுத்தால் பழைய படகு மலர்ந்துவிடும். தளத்தைப் பிரிப்பதற்கு முன் ஒருமுறை, பிரித்த பின் ஒருமுறை ஒரே இடத்தில் டேப்பைப் பிடித்துப் பார்த்தால் தெரியும். தளத்தைத் தாங்கும் குறுக்குச் சட்டங்கள் கெட்டிருந்தால் ஒன்று விட்டு ஒன்றாகத்தான் கழற்றுவேன்.

குறுக்குச் சட்டத்துக்கு எங்களுக்குக் கிடைப்பதில் அயினி நல்லது. எனக்கு வேலை கற்றுக்கொடுத்த மேஸ்திரி கேம்பர் வளைவு போடும் முறையை வாய்ப்பாடு மாதிரிச் சொல்வார்: “ஒண்ணு, நாலு, ஒம்பது, பதினாறு.” அவருக்கு அது எங்கிருந்து வந்தது என்று நான் கேட்டதில்லை. கணக்கு இதுதான். ஓர் அடி அகலத்துக்கு இரண்டு நூல் கேம்பர். 14 அடிக்கு 28 நூல், அதாவது மூன்றரை அங்குலம். பாதி அகலமான 7 அடியை நான்கு சம பங்காகப் பிரித்துக்கொள். உயரம் 28-ஐப் பதினாறாகப் பங்கிட்டால் ஒரு பங்கு ஒன்றே முக்கால் நூல். நடுவிலிருந்து முதல் குறியில் ஒரு பங்கு இறக்கு, இரண்டாவதில் நான்கு பங்கு, மூன்றாவதில் ஒன்பது, ஓரத்தில் பதினாறு. ஒன்றே முக்கால், ஏழு, பதினைந்தே முக்கால், இருபத்தெட்டு. அந்தப் புள்ளிகளில் ஆணி அடித்து மெல்லிய ரீப்பரை வளைத்துப் பென்சில் ஓட்டினால் வழவழவென்று ஒரு கோடு விழும். அதை ஒரு பலகையில் வெட்டி வைத்துக்கொண்டால் படகு முழுக்க அந்த ஒரே அச்சு போதும். அணியத்தில் அகலம் 7 அடியாகக் குறையும்போது அதே அச்சின் நடுப்பகுதியை மட்டும் எடுத்துக்கொள்கிறோம். கேம்பர் தானாக 7 நூலாக இறங்கிவிடும். ஒவ்வொரு சட்டத்துக்கும் தனித்தனியாக வளைவு போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களுடைய தளம் அலை அலையாக இருக்கும்.

சட்டங்கள் எல்லாம் ஏறிய பிறகு நெடுக்கே 16 அடி ரீப்பரைப் போட்டுப் பார்க்க வேண்டும். நல்ல ரீப்பர், முடிச்சு இல்லாதது. அது எல்லாச் சட்டத்தின் மேலும் உட்கார வேண்டும். எங்காவது ஒன்று தூக்கிக் கொடுக்கும், பக்கத்தில் ஒன்று தொடாமல் நிற்கும். தூக்கிக் கொடுப்பதை இழைக்கலாம், தொடாததின் மேல் பட்டை ஒட்டலாம். எது குற்றவாளி என்று கண்டுபிடிப்பதில்தான் அனுபவம். பல நேரம் தூக்கிக் கொடுக்கிற சட்டம் சரியாக இருக்கும். அதன் இரு பக்கமும் தாழ்ந்திருக்கும். ரீப்பரை ஒரு அடி தள்ளி, இன்னொரு அடி தள்ளி, படகின் முழு அகலத்துக்கும் பார்த்த பிறகுதான் இழைப்புளியை எடுக்க வேண்டும். அணியம் ஏறுவதால் சட்டத்தின் மேல்முகமும் சாய்வாக இழைக்கப்பட வேண்டும். இல்லையென்றால் பலகை சட்டத்தின் ஒரு விளிம்பில் மட்டும் உட்காரும், அடியில் கண்ணுக்குத் தெரியாத சந்து இருக்கும், திருகு இறுகியதும் அங்கே பலகை உடையும்.

இனி அச்சு எடுப்பது. நாலு மில்லி பிளைவுட், விலை மலிந்தது, மூன்று அங்குல அகலப் பட்டைகளாகக் கிழித்துக்கொள்கிறேன். ஓரத்தை ஒட்டி ஒரு பட்டை, நடுக்கோட்டில் ஒரு பட்டை, முன்னும் பின்னும் சட்டத்தின் மேல் ஒவ்வொன்று. ஓரம் வளைந்து ஓடுவதால் ஒரே பட்டை போதாது. சின்னத் துண்டுகளை ஒன்றன் மேல் ஒன்று ஏறும்படி வைத்து, பக்கச் சுவருக்கு அரை அங்குலம் உள்ளே நிறுத்துவேன். ஒவ்வொரு சந்திப்பிலும் சூட்டுப் பசை, மேலே ஒரு ஸ்டேப்பிள். பிறகு மூலைக்கு மூலை குறுக்குப் பட்டை. அது இல்லாவிட்டால் அச்சைத் தூக்கும்போது சரிந்து சாய்சதுரமாகிவிடும். இப்போது கவராயத்தை ஓர் அங்குலத்துக்குத் திறந்து, முள்ளைப் பக்கச் சுவரில் வைத்துப் பென்சில் முனையைப் பட்டையின் மேல் ஓட்டுகிறேன். சுவரில் இருக்கும் மேடு, பள்ளம், வங்குக் கால் (படகின் விலாச் சட்டம்) வெளியே வரும் இடம், பழைய போல்ட்டின் தலை, எல்லாம் கோட்டில் வந்துவிடும். கவராயத்தை எந்த இடத்திலும் திருப்பக் கூடாது. கை படகுக்குக் குறுக்கே ஒரே திசையில் நிற்க வேண்டும். ஷீட்டில் இதே கவராயத்தை, அதே ஓர் அங்குலத்தில், அதே திசையில் திரும்ப ஓட்டினால் சுவரின் உருவம் ஷீட்டில் இருக்கும். டேப் இந்த வேலையில் எங்குமே வரவில்லை, கவனியுங்கள்.

அச்சு சட்டங்களின் மேல் தானாகக் கிடக்க வேண்டும். கையால் அமுக்கி வைத்து எடுத்த அச்சு பொய் சொல்லும். எங்காவது எழும்பினால், அந்த இடத்தில் ஷீட்டும் எழும்பப்போகிறது என்று முன்கூட்டியே சொல்கிறது. அப்போதே வெட்டு எங்கே வர வேண்டும் என்று முடிவெடுத்துவிடலாம். பட்டை மெல்லியதாக இருப்பதால் வளைவின் மேலேயே கிடக்கிறது; கழற்றிக் கீழே தட்டையாகப் போட்டால் வளைவின் நீளம் அப்படியே விரிந்து வந்துவிடும். அந்த மூன்றரை அங்குலக் கணக்கை நான் போடவே வேண்டாம், பட்டை போட்டுவிட்டது. கழற்றுவதற்கு முன் சட்டங்களின் நடுக்கோட்டையும் அதில் குறித்துக்கொள்வேன். பிறகு திருகு எங்கே போகும் என்று மேலிருந்து தேட வேண்டியதில்லை. கடைசியாக எழுத்து: மேல்முகம், அணியம் பக்கம், இடமா வலமா, எத்தனையாவது துண்டு.

இடமா வலமா என்பதை அழுத்திச் சொல்கிறேன். ஒரு பக்கத்து அச்சைத் திருப்பிப் போட்டு மறு பக்கத்தையும் வெட்டிவிடலாமே என்று ஒவ்வொரு வருடமும் யாராவது ஒரு தம்பி கேட்பான். புதுப் படகில் ஓரளவு நடக்கலாம். பல வருடம் வலை இழுத்த படகுக்கு இரு பக்கமும் ஒன்றாக இருக்காது. படகுத்துறையில் எந்தப் பக்கம் அதிகம் இடித்ததோ அந்தப் பக்கம் உள்ளே ஒதுங்கியிருக்கும். அரை அங்குலம் வரை வித்தியாசம் பார்த்திருக்கிறேன். பழைய தளத்துப் பலகைகளை அச்சாக வைத்துக்கொள்வதும் அப்படித்தான். அவை தொய்ந்து, விளிம்பு உதிர்ந்து, எங்கே இருந்தோம் என்பதையே மறந்திருக்கும்.

ஷீட் வாங்குவதைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. ஐ.எஸ். 710 முத்திரை பார்த்து வாங்க வேண்டும். மரைன் பிளைவுட்டுக்கான தரம் அது. 72 மணி நேரம் கொதிக்கும் தண்ணீரில் கிடந்தாலும் அடுக்கு பிரியக் கூடாது என்று அதில் இருக்கிறது. முத்திரையை நம்பி மட்டும் நான் எடுப்பதில்லை. ஒரு மூலையை வெட்டி விளிம்பைப் பார்ப்பேன். நடு அடுக்கில் சந்து இருக்கிறதா, ஒரு அடுக்கு இன்னொன்றின் மேல் ஏறியிருக்கிறதா? சந்து இருந்தால் அதற்குள் ஒரு நாள் தண்ணீர் போய்த் தங்கும். வெட்டிய துண்டை ஒரு பாத்திரத்தில் போட்டுப் பகல் முழுக்கக் கொதிக்கவிடுவேன். ஒருமுறை ஒரு கடைச் சரக்கு மாலைக்குள் புத்தகம் மாதிரி விரிந்துவிட்டது. அதை அப்படியே கொண்டுபோய்க் கடைக்காரர் மேஜையில் வைத்தோம். லோடை முழுக்கத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள்.

எட்டுக்கு நாலு ஷீட்டில் அச்சைப் போடும்போது மிச்சம் வராமல் அடுக்குவதில்தான் எல்லோர் கண்ணும் இருக்கும். ஷீட் விலைக்கு அது நியாயம்தான். ஆனால் ஷீட்டின் மேல்முக நார் படகின் நெடுக்கே ஓட வேண்டும், குறுக்கே அல்ல. நாருக்குக் குறுக்கே பலகை சுலபமாக வளையும். கேம்பருக்கு அது வேண்டும். நார் ஓடும் திசையில் பலகை விறைப்பாக நிற்கும். ஒரு சட்டத்துக்கும் அடுத்த சட்டத்துக்கும் நடுவில் ஆள் மிதித்தால் தொய்யாமல் இருக்க அது வேண்டும். ஒரே திசையில் இரண்டு லாபம். ஒரு ஷீட் மிச்சமாகிறது என்று துண்டுகளைத் திருப்பி அடுக்கினால் இரண்டும் போய்விடும். இதில் நான் யாரோடும் பேரம் பேசுவதில்லை.

வெட்டும்போது நல்ல முகம் கீழே. வட்ட ரம்பத்தின் பல் கீழிருந்து மேலே ஏறி வெட்டுவதால் மேல்முகம்தான் பிய்யும். நீண்ட, மெதுவான வளைவுக்கு வட்ட ரம்பமே நல்லது; பிளேடைப் பலகையின் கனத்துக்கு ஒரு நூல் மட்டும் கூடுதலாக இறக்கினால் வளைவோடு போகும், கோடும் நடுங்காது. அணியத்தின் இறுக்கமான திருப்பத்துக்கும் வங்குக் காலின் வெட்டுகளுக்கும் ஜிக் சா. கோட்டுக்கு வெளியே ஒரு நூல் விட்டு வெட்டி, மிச்சத்தை இழைப்புளியால் கோட்டுக்குக் கொண்டுவருவேன். பக்கச் சுவர் வெளிப்பக்கம் சாய்ந்திருப்பதால் விளிம்பு நேராக இருக்க முடியாது. மேல் விளிம்பு சுவரைத் தொடும்போது கீழ் விளிம்பு கொஞ்சம் உள்ளே இருக்கும். அந்தச் சாய்வைக் கோணமட்டத்தில் எடுத்து மூன்றடிக்கு ஒருமுறை விளிம்பிலேயே எழுதிவைக்க வேண்டும், ஏனென்றால் அணியத்தை நோக்கிப் போகப் போகச் சாய்வு கூடும்.

வெட்டிய துண்டைப் பசை இல்லாமல் ஏற்றிப் பார்க்கும் நேரம் எனக்குப் பிடித்த நேரம். அணியத்து வலப் பக்கத் துண்டு என்று வையுங்கள். இரண்டு பேர் தூக்கிக் கொடுக்க, கூர் முனையை முதலில் முகப்பு மரத்தடியில் நுழைத்து, நடுக்கோட்டுப் பக்கத்தை இறக்கி, கடைசியில் சுவர்ப் பக்கத்தை விட வேண்டும். நடுக்கோட்டில் தற்காலிகமாக நாலு திருகு. பிறகு உள்ளங்கையை நடுவிலிருந்து ஓரத்தை நோக்கித் தடவிக்கொண்டே போனால் பலகை ஒவ்வொரு சட்டத்தின் மேலும் உட்காரும் சத்தம் கேட்கும். டொப் என்று கேட்டால் உட்கார்ந்துவிட்டது. டக் என்று வெறுமையாகக் கேட்டால் அடியில் சந்து. சுவரோடு சேரும் இடத்தில் பலகையை நெருக்கி அடிக்கக் கூடாது. சுற்றிலும் ஒரு நூல் இடைவெளி விட்டு எபாக்ஸி மாவு நிரப்ப வேண்டும். “இவ்வளவு அளந்துட்டு கடைசில சந்து விடுறீங்களே அண்ணே” என்று ஒரு தம்பி கேட்டான். சுற்றிலும் ஒரே ஒரு நூல் வருவதற்குத்தான் அவ்வளவும் அளந்தது. ஒரு இடத்தில் அரை நூல், இன்னொரு இடத்தில் அரை அங்குலம் என்றால் மாவு அங்கே வெடிக்கும்.

பிறகு வெட்டிய விளிம்பு. பிளைவுட் தண்ணீர் குடிப்பது முகத்தால் அல்ல, விளிம்பால். முதல் பூச்சு எபாக்ஸியைத் தடவினால் கண் முன்னாலேயே உறிஞ்சி வெளுத்துவிடும். அது குடித்து நிற்கும் வரை மேலும் மேலும் தடவ வேண்டும். மே மாத வெயிலில் கலந்த எபாக்ஸி டப்பாவிலேயே புகைந்து இறுகிவிடும் என்பதால், அகலமான தட்டில் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து, விடிவதற்குள் ஒட்டும் வேலையை முடித்துவிடுகிறோம். பொழுது ஏறினால் கச்சான் காற்று மண்ணை அள்ளிக்கொண்டு வந்து ஈரப் பசையில் போடும், அதுவும் ஒரு காரணம். திருகு 316 ஸ்டீல். நடுவிலிருந்து ஓரத்துக்கு, அமரப் பக்கத்திலிருந்து அணியத்துக்கு, ஒரே ஒழுங்கில் இறுக்கிக்கொண்டு போக வேண்டும். ஓரத்தை முதலில் இறுக்கினால் நடுவில் காற்று சிக்கிக்கொள்ளும்.

ஃபைபர் அடிக்கும்போதுதான் படகு உரிமையாளர்களோடு எனக்கு வாக்குவாதம் வரும். பாலியெஸ்டர் ரெசின் விலை குறைவு, கரையில் எல்லோரும் அதைத்தான் அடிக்கிறார்கள். எபாக்ஸி பூசிய முகத்தில் பாலியெஸ்டர் சரியாகப் பிடிக்காது. எது என்பதைத் தொடக்கத்திலேயே முடிவு செய்துவிட வேண்டும். நான் எபாக்ஸிதான் கேட்பேன். அடுத்த வாக்குவாதம் ஈரத்தைப் பற்றி.

“மேஸ்திரி, ஜூன் 15 விடியக்காலம் படகு கடல்ல இருக்கணும். நீங்க ஈரம் பாக்கணும், காயணும்னு நாளைக் கடத்துறீங்க.”

“அண்ணாச்சி, ஈரம் 15-க்கு கீழ வராம மேல ஃபைபர் அடிச்சா, உள்ள இருக்கற தண்ணிக்கு நாமளே மூடி போட்ட மாதிரி ஆயிடும். அடுத்த தடைக்காலத்துக்கு இந்தத் தளத்தைத் திரும்பப் பிரிக்கணும். அதுக்கும் நான்தான் வருவேன். எனக்குக் கூலி கிடைக்கும். உங்களுக்குத்தான் நட்டம்.”

பெரும்பாலும் இரண்டு நாள் கொடுத்துவிடுவார்கள். அந்த இரண்டு நாளும் ஈரமானியின் இரண்டு ஊசியையும் சட்டத்தில் குத்திக் குத்தி எண் பார்ப்பது எனக்கு வேலை. எண் இறங்காத சட்டம் ஒன்று இருந்தால் அதன் அடியில் எங்கோ பழைய ஈரம் அடைபட்டிருக்கிறது என்று அர்த்தம். போய்த் தேடுவேன்.

தளம் முடிந்ததும் ஹோஸ் பைப்பை அணியத்தில் வைத்துத் தண்ணீரைத் திறந்துவிடுவோம். ஒருவன் டார்ச்சோடு அடியில் இருப்பான். மேலே நான் தண்ணீர் எந்த வழியாக ஓடுகிறது என்று பார்ப்பேன். எங்கும் தேங்காமல் இரு ஓரத்துக்கும் பிரிந்து, ஓர வடிகால் துளைகளில் விழ வேண்டும். மீன் அறை மூடியின் மூலைகளில் மட்டும் இன்னும் கொஞ்ச நேரம் பைப்பைப் பிடிக்கச் சொல்வேன்.

இதற்குப் பிறகு வின்ச் ஏறும், கயிறு கட்டும் குற்றிகள் ஏறும், கம்பி வளையங்கள் ஏறும். அது மெக்கானிக் ஆட்களின் வேலை, எனக்குக் கணக்கு முடிந்தாயிற்று. இருந்தாலும் அன்றைக்கு நான் படகை விட்டு இறங்குவதில்லை. அவர்கள் டிரில்லை எடுத்து, பச்சை பிளைவுட்டில் ஒரு துளையைப் போட்டு, போல்ட்டைச் செருகி இறுக்கிவிட்டுப் போய்விடுவார்கள். அத்தனை விளிம்பையும் அடைத்த தளத்தில் அந்தத் துளையின் உள்சுவர் முழுக்கத் திறந்த விளிம்பு. அதனால் போல்ட்டைவிடப் பெரிய துளையாகப் போடச் சொல்வேன். அடியில் டேப் ஒட்டி, துளை நிறைய எபாக்ஸி மாவை ஊற்றி, மறுநாள் அந்த மாவின் நடுவில் போல்ட் அளவுக்குத் துளை போட்டால் இரும்பு எங்கும் மரத்தைத் தொடாது. ஒரு வின்ச்சுக்கு இப்படி ஒரு நாள் கூடுதலாகும். மெக்கானிக் முணுமுணுப்பார். மாவைக் கலந்து கையில் வைத்துக்கொண்டு நான் பக்கத்திலேயே நிற்பேன்.